கீமோவா, ஆபரேஷனா, கரண்டா: அம்மாவுக்கு எது நல்லது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். அம்மாவுக்கு 56 வயது, மாதவிடாய் நின்று சில வருடம் ஆகிறது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். இடது மார்பில் கட்டி இருந்தும் வலி இல்லை என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். சதை எடுத்துப் பரிசோதித்ததில் கேன்சர் என்று வந்துவிட்டது. கட்டி 6 செ.மீ., அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. பெட் ஸ்கேனில் வேறு எங்கும் இல்லை. மூன்றாம் நிலை என்றார்கள். ரிப்போர்ட்டில் ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 '3+' என்று இருக்கிறது. முதலில் ஆறு மாதம் கீமோ, பிறகு ஆபரேஷன், அதன் பின் கரண்ட், நடுவில் ஒரு வருடத்துக்கு வேறொரு ஊசி, கடைசியாக ஐந்து வருடம் மாத்திரை என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். ஒரே ஆளுக்கு இத்தனையுமா? 'முதலில் கட்டியை எடுத்துப் போடச் சொல்' என்கிறார் அண்ணன். 'கத்தி பட்டால் பரவும், நாட்டு மருந்து பார்க்கலாம்' என்கிறார் பெரியப்பா. எதிர்வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் கேன்சர் வந்தபோது ஆபரேஷனே செய்யவில்லை. கரண்ட் வைத்தே நன்றாகிவிட்டார். வாட்ஸ்அப்பில் இம்யூனோதெரபி, புரோட்டான் என்று என்னென்னவோ வருகிறது. இவற்றில் எது சிறந்தது? உடனே ஆபரேஷன் செய்யாததற்குக் காரணம், முற்றிவிட்டது என்று கைவிட்டதுதானோ? அம்மாவிடம் நீர்க்கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். என் தங்கைக்கு 29 வயது. அவளுக்கும் வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கைவிடவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கைவிட்ட நோயாளிக்கு ஆறு வருடத் திட்டத்தை எந்த டாக்டரும் உட்கார்ந்து எழுத மாட்டார். நோய் வேறு உறுப்புகளில் குடியேறிய நான்காம் நிலையில், கட்டுப்படுத்தி நல்லபடியாக நாளைக் கடத்துவதே பெரும்பாலும் குறிக்கோளாக இருக்கும். அம்மாவுடையது மூன்றாம் நிலை. மார்பையும் அக்குளையும் தாண்டவில்லை. இங்கே குறிக்கோள் குணப்படுத்துவது. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன், அம்மாவை நான் பார்க்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் உள்ள விவரங்களுக்கு அந்த டாக்டர் போட்டிருக்கும் வரிசை, எந்த நல்ல கேன்சர் ஆஸ்பத்திரியிலும் போடப்படும் வரிசைதான்.

'எது சிறந்தது' என்ற கேள்விக்கு வருகிறேன். உழவு, நடவு, களையெடுப்பு இந்த மூன்றில் எது சிறந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு நேரம். கேன்சர் சிகிச்சைகளும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்பவை அல்ல. ஆகவே டாக்டரிடம், 'இந்தச் சிகிச்சை அம்மாவின் உடம்பில் எந்த வேலையைச் செய்யப் போகிறது, ஏன் இந்த நேரத்தில்?' என்று கேட்டுப் பழகுங்கள்.

வேலையைப் பொறுத்து இவை இரண்டு வகை. ஆபரேஷனும் ரேடியேஷனும் (நீங்கள் எழுதிய 'கரண்ட்') ஓர் இடத்தைப் பார்ப்பவை. கட்டி இருக்கும் இடம், அதன் சுற்றுப்புறம், பக்கத்து நெறிகள், அவ்வளவுதான். கீமோ, ஹெர்-2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஊசி, ஹார்மோன் மாத்திரை மூன்றும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய்ப் பார்ப்பவை. பெட் ஸ்கேன் சுத்தமாக இருக்கும்போது உடம்பு முழுக்க எதற்கு என்று தோன்றும். சில மில்லிமீட்டருக்குக் குறைவான திட்டுகளைக் காட்ட எந்த ஸ்கேனாலும் முடியாது. 6 செ.மீ. வளர்ந்து அக்குள் வரை வந்த நோயிலிருந்து சில செல்கள் ஏற்கெனவே ரத்தத்தில் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்று வருடம் கழித்து ஈரலிலோ எலும்பிலோ தலைகாட்டுவது அவைதான். மார்பகப் புற்றில் உயிரைப் பறிப்பது மார்பில் இருக்கும் கட்டி அல்ல. இப்படி வெளியே போய் வளர்வதுதான்.

உங்கள் அண்ணன் சொல்வது தப்பான யோசனை அல்ல, பழைய யோசனை. அமெரிக்க சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத்தான் நினைத்தார். நோய் ஓரிடத்திலிருந்து வரிசையாகப் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று மார்பு, அதற்கு அடியில் உள்ள தசை, அக்குள் நெறி எல்லாவற்றையும் எடுத்தார். முக்கால் நூற்றாண்டு உலகமே அதைப் பின்பற்றியது. பெர்னார்ட் ஃபிஷர் அமெரிக்காவிலும் உம்பர்ட்டோ வெரோனேசி இத்தாலியிலும், ஒரு பகுதிப் பெண்களுக்கு மார்பு முழுவதையும் எடுத்து, இன்னொரு பகுதிக்குக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்து, 20 வருடம் பின்தொடர்ந்தார்கள். 2002இல் வந்த அந்த முடிவுகளில் இரு தரப்பும் ஒரே அளவுக்கு உயிரோடு இருந்தது தெரிந்தது. கூடுதலாக வெட்டியதால் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை.

கீமோவை ஆபரேஷனுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்பதையும் ஃபிஷரின் குழு சோதித்துப் பார்த்தது. ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆகவே முதலில் கீமோ கொடுப்பதால் நேரம் வீணாகிறது, அதற்குள் நோய் ஓடிவிடும் என்ற பயம் வேண்டாம். வித்தியாசம் இல்லையென்றால் ஏன் முன்னால் என்று அண்ணன் கேட்பார். 6 செ.மீ. கட்டி சுருங்கினால் ஆபரேஷன் எளிதாகும், சிலருக்கு மார்பையே காப்பாற்ற முடியும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து கொடுத்தால், மருந்து வேலை செய்கிறதா என்பது கைக்கே தட்டுப்படும். ஆபரேஷனில் எடுத்ததை லேபில் பார்க்கும்போது உயிருள்ள புற்றுசெல் ஒன்றுகூட இல்லை என்று வந்தால், மிக நல்ல செய்தி. மிச்சம் இருந்தால், அடுத்து கொடுக்கும் ஊசியை மாற்றலாம். ஹெர்-2 வகையில் இப்படி மிச்சம் இருந்தவர்களுக்கு டி-டிஎம்1 என்ற மருந்துக்கு மாற்றியபோது, நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் அளந்து பார்க்க எதுவும் இருக்காது, மாற்ற வேண்டுமா என்பதும் தெரியாது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை மறக்காமல் கேளுங்கள். கீமோவில் கட்டி முழுக்கக் கரைந்துபோனால், சர்ஜனுக்கு எந்த இடத்தை எடுப்பது என்றே தெரியாமல் போகும். அதற்காகக் கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் அரிசி அளவில் ஒரு உலோக க்ளிப் வைப்பார்கள். மார்பைக் காப்பாற்றும் எண்ணம் இருந்தால் 'க்ளிப் வைத்தாயிற்றா?' என்று முதல் டோஸுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஹெர்-2 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அம்மாவின் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்த்தது அந்த '3+' ஐத்தான். மார்பகப் புற்று உள்ளவர்களில் தோராயமாக ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புரதம் செல்லின் மேல் அளவுக்கு மீறி இருக்கும். 'வளர், வளர்' என்று செல்லைத் தூண்டிக்கொண்டே இருக்கும். 1987இல் டென்னிஸ் ஸ்லேமன் குழு இதைக் கண்டு சொன்னபோது அது கெட்ட செய்தி. இந்த வகைக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. அந்தப் புரதத்தின் மேலேயே போய் ஒட்டி அதை அடக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்ப நிலை நோயாளிகளுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள் 2005இல் வந்தன. நோய் திரும்புவது பாதி அளவுக்குக் குறைந்திருந்தது. கெட்ட வகை என்று பேர் வாங்கியது, குறிவைத்து அடிக்க மருந்து உள்ள வகையாக மாறியது. நீங்கள் 'வேறொரு ஊசி' என்று எழுதியிருப்பது இதுதான். கீமோ அல்ல, முடி கொட்டாது, வாந்தியும் பெரிதாக இராது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒரு வருடம். இதயத்தின் பம்ப் செய்யும் பலத்தைச் சிலருக்குக் குறைக்கும் என்பதால் தொடங்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் எக்கோ பார்ப்பார்கள். அந்த எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

விலை? ஒரு காலத்தில் வீட்டை விற்றாலும் எட்டாத விலையில் இருந்தது. 2014 முதல் இந்தியாவிலேயே தயாரான ஒத்த மருந்துகள் வந்து, விலை நன்றாக இறங்கிவிட்டது. 'உள்ளூர் கம்பெனி மருந்து போதுமா?' என்று தயங்க வேண்டாம். அப்படியும் ஒரு வருடம் கட்டுப்படியாகாது என்றால், ஊசியே வேண்டாம் என்று நடுவில் காணாமல் போகாதீர்கள். சுமார் 4,000 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வில் ஆறு மாதமும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. ஒரு வருடம்தான் இன்றும் வழக்கமான அளவு. ஆனால் பணம் தடையாக நிற்கும்போது டாக்டரிடம் மனம்விட்டுப் பேச இடம் இருக்கிறது. பெர்ட்டுசுமாப் என்ற இரண்டாவது ஊசியையும் ஆபரேஷனுக்கு முன் சேர்த்தால் கட்டி முழுக்கக் கரையும் வாய்ப்பு கூடும். உங்கள் காப்பீட்டில் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.

இனி கீமோ. முதல் சில டோஸ்களில் பெரும்பாலும் சிவப்பு நிற மருந்து ஒன்று இருக்கும். அது ஏறிய ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவந்து வரும். ரத்தம் என்று பதற வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் திரும்ப வளரும். வாந்திக்கு இப்போது நல்ல மாத்திரைகள் உண்டு, சினிமாவில் காட்டுவது போல் இராது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு எச்சரிக்கை: கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள், இரண்டு மூன்று நாள் சர்க்கரை எகிறும். முதல் நாளே 'எனக்குச் சர்க்கரை' என்று சொல்லி, அந்த நாட்களுக்கு என்ன செய்வது என்று எழுதி வாங்குங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது காய்ச்சலுக்குத்தான். டோஸ் ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது வரும் சாதாரணக் கிருமியும் ஒரே ராத்திரியில் ஆளைச் சாய்த்துவிடும். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால், இரவு இரண்டு மணியானாலும் சரி, ஆஸ்பத்திரி. 'ஒரு பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம்' என்பது கூடவே கூடாது. கிட்டத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் டோஸுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். போனதும் 'கீமோ நடக்கிறது, இத்தனையாம் நாள்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் பிடிக்காதீர்கள். நம் வீடுகளில் கேன்சர் என்றதும் முட்டை, மீன், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி அரிசிக் கஞ்சியோடு விட்டுவிடுகிறார்கள். கீமோ தாங்கப் புரதம் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, மீன், பருப்பு, சுண்டல், வீட்டில் உறைய வைத்த தயிர் எல்லாம் சாப்பிடட்டும். வெளிச் சாப்பாடும் சமைக்காத பச்சையும் சில மாதம் வேண்டாம். சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். அம்மா சர்க்கரையைக் குறைக்க வேண்டியது அவருடைய நீரிழிவுக்காக.

ஆபரேஷன் பற்றிச் சுருக்கமாகப் போதும். கட்டி சுருங்குவதைப் பொறுத்து முழு மார்பா, பகுதியா என்று சர்ஜன் சொல்வார். பகுதி எடுத்தால் ரேடியேஷன் கட்டாயம். அம்மாவின் நிலைக்கு முழுதாக எடுத்தாலும் பெரும்பாலும் உண்டு. நெறி எடுப்பதால் அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்பு இருக்கிறது. தோள் இறுகிவிடாமல் இருக்கப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் கைப்பயிற்சியை, வலிக்கிறது என்று விட்டுவிடாமல் செய்ய வைக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பு.

அடுத்து, கரண்ட். மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்ரே போன்ற, அதைவிடப் பல மடங்கு வலுவான கதிர். எக்ஸ்ரே எடுக்கும்போது போலவே வலிக்காது. மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான். முன்பு ஐந்து வாரம் தினமும் போக வேண்டியிருந்தது. பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு இப்போது பல இடங்களில் 15 நாளில், அதாவது மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட சிலருக்கு ஐந்தே நாளில்கூட. ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு இடது பக்கம் என்பதால், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயம் கதிரின் வழியிலிருந்து விலகும் நேரத்தில் கொடுக்கும் வசதி அங்கே உண்டா என்று விசாரியுங்கள். உடம்பில் போடும் மார்க்குகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. இப்படி வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம்.

கடைசியில் வரும் மாத்திரையைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் பெண் ஹார்மோனைத் தின்று வளரும் செல்கள் என்று பொருள். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் போன்ற மாத்திரையைக் கொடுத்து, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுப்பார்கள். தினம் ஒன்று, குறைந்தது ஐந்து வருடம். முடி வளர்ந்துவிட்டது, ஆபரேஷன் தழும்பு ஆறிவிட்டது, ஊரில் எல்லோரும் 'நல்லா ஆயிட்டீங்க' என்கிறார்கள். இந்த மாத்திரையோ மூட்டு வலியைத் தருகிறது, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. இரண்டாம் வருடம் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் புற்று ஐந்து, பத்து வருடம் கழித்தும் திரும்பக் கூடிய சுபாவம் கொண்டது. கீமோவுக்கு வீட்டில் கொடுக்கும் மரியாதையில் பாதியையாவது இந்த மாத்திரைக்குக் கொடுங்கள். மூட்டு வலி தாங்கவில்லை என்றால் மாற்று மாத்திரை இருக்கிறது, போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்கள். எலும்பு தேயும் என்பதால் எலும்பு அடர்த்தி ஸ்கேனும், கால்சியம், வைட்டமின் டி யும் சேர்த்தே வரும்.

எதிர்வீட்டு அக்கா விஷயம். கர்ப்பப்பை வாய்ப் புற்று சுற்றியுள்ள திசுவுக்குள் இறங்கிவிட்ட நிலையில் கத்தியை விடக் கதிர் நன்றாக வேலை செய்யும். கதிரோடு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்பது 1999இல் வந்த ஆய்வுகளால் உறுதியானது. கடைசியில் கர்ப்பப்பைக்குள்ளேயே கதிர்க் குழாய் வைத்தும் கொடுப்பார்கள். அவருக்கு ஆபரேஷன் தேவைப்படாதது அந்த நோயின் தன்மை. அதேபோல, புகையிலையால் வாயில் வரும் புற்றில் முடிந்தவரை ஆபரேஷன்தான் முதலில். நாள்பட்ட ரத்தப் புற்று ஒன்றை, 2001இல் வந்த இமாடினிப் மாத்திரையை வைத்தே வருடக்கணக்கில் அடக்கி வைக்கிறோம்; அங்கே வெட்ட எதுவுமே இல்லை. கேன்சர் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை வேறு வேறு நோய்கள். ஒருவரின் சிகிச்சைச் சீட்டை இன்னொருவரின் சீட்டோடு ஒப்பிடாதீர்கள், மார்பகப் புற்றிலேயேகூட.

வாட்ஸ்அப்பில் வந்தவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். இம்யூனோதெரபி உண்மையான மருந்து. நம் எதிர்ப்பு அணுக்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிடுவது. அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. மார்பகப் புற்றில் அது பயன்படுவது ஹார்மோன் ரிசப்டர்கள் இரண்டும் ஹெர்-2வும் இல்லாத வகையில். அம்மாவின் வகைக்கு இன்றைக்கு அது வழக்கமான சிகிச்சை அல்ல. புரோட்டான் என்பது ரேடியேஷனிலேயே இன்னொரு வகை, சென்னையிலும் இருக்கிறது. மூளை, தண்டுவடம் அருகே வரும் கட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதன் அருமை தெரியும். அம்மாவுக்காக அதைத் தேடிக் கடன் வாங்க வேண்டியதில்லை. நோயாளியின் எதிர்ப்பு அணுக்களை வெளியே எடுத்து மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை இப்போதைக்கு ரத்தப் புற்றுகளுக்கு.

பெரியப்பா சொல்வதை அலட்சியப்படுத்த வேண்டாம், பாசத்தில் சொல்கிறார். 'கத்தி பட்டால் பரவும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஸ்கேன் இல்லாத காலத்தில் முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், திறந்து பார்த்தபோது நோய் எங்கும் பரவியிருந்தது, மூடி அனுப்பினார்கள், சில மாதத்தில் இறந்தார்கள். பழி கத்தியின் மேல் விழுந்தது. ஊசி போட்டுச் சதை எடுப்பதாலோ முறையாகச் செய்யும் ஆபரேஷனாலோ மார்பகப் புற்று பரவி ஆயுள் குறைவதில்லை. நாட்டு மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. குணமாக்கக் கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தவர்களை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றில் இறக்கும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமே என்றால், பஸ்பம், கஷாயம், முள்சீத்தா இலைப் பொடி என்று எதையும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். ஈரலும் சிறுநீரகமும் கீமோவைச் சமாளிக்கவே திணறிக்கொண்டிருக்கும். பெரியப்பாவை ஒரு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அந்த டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் பத்து நாள் வாதாடுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்டப் பிரிவில் பதியலாம். சிகிச்சைக்கு முன்னால் ஆஸ்பத்திரி அனுமதி கேட்க வேண்டும் என்பதால், முதல் டோஸுக்கு முன்பே கார்டு கையில் இருக்கட்டும். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகையும் உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்று கேளுங்கள். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால், 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. என்று நம்பிப் போக இடங்கள் உண்டு. ஒரு முறை கேளுங்கள், ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி., லேபில் இருக்கும் பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள், இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நான்கு டாக்டரிடம் கேட்டு நான்கு மாதம் கடத்துவது வேறு விஷயம்.

இனி அம்மாவிடம் சொல்வது. நீர்க்கட்டிக்கு முடி கொட்டுமா என்று அம்மா கேட்க மாட்டார் என்றா நினைக்கிறீர்கள்? வார்டு வாசலில் பெரிய எழுத்தில் போர்டு இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் 'உங்களுக்கு எத்தனாவது கீமோ?' என்பார். வலியில்லாத கட்டியைச் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தவருக்கு உள்ளுக்குள் பாதி தெரிந்தே இருக்கும். நீங்கள் மறைப்பதால், அவரும் தெரியாததுபோல் நடிக்கிறார். பயத்தைத் தனியாகச் சுமக்கிறார். அதோடு, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். மார்பு முழுவதையும் எடுப்பதா, பகுதியா என்பது அவர் உடம்பு பற்றிய முடிவு. அண்ணன் தம்பி சேர்ந்து எடுக்கும் முடிவு அல்ல. காய்ச்சல் வந்தால் இரவோடு இரவாகச் சொல்ல வேண்டும் என்பதும் விஷயம் தெரிந்தால்தானே அவருக்கு அவசரமாகப் படும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். கூட்டம் சேர்க்காமல், தங்கையோ அம்மா மனம்விட்டுப் பேசும் ஒருவரோ, 'உனக்கு என்னன்னு நினைக்கிறேம்மா?' என்று முதலில் அவரிடமே கேட்கட்டும். அவர் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். 'ஆமாம்மா, கேன்சர்தான். பரவலை. குணமாக்குற மருந்து இருக்கு. ஒரு வருஷம் கஷ்டம் இருக்கும், நாங்க கூடவே இருப்போம்.' இவ்வளவு போதும் முதல் நாளுக்கு. சதவீதம், நிலை எல்லாம் அவராகக் கேட்டால் சொல்லுங்கள். 'ஒன்றும் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள், அடுத்த முறை நீங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் நம்ப மாட்டார். உங்களால் முடியாது என்றால் அடுத்த தடவை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லிப் பழகியவர்கள். அம்மா அழுதால் அழட்டும், அவசரமாகச் சமாதானப்படுத்த வேண்டாம்.

தங்கைக்கு: மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அம்மா, மகள் வழியில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களைவிட ஆபத்து ஓரளவு கூடும். வந்தே தீரும் என்பதில்லை. அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வேறு யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ, அதுவும் 50 வயதுக்குள், வந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். வந்திருந்தால் அம்மாவுக்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனையை முதலில் செய்ய வேண்டியது அம்மாவுக்கு, தங்கைக்கு அல்ல. அப்படி யாருக்கும் இல்லையென்றால் தங்கைக்கு இப்போது மேமோகிராம் வேண்டாம், 40 வயதிலிருந்து எடுத்தால் போதும். அதுவரை மார்பில் புதிதாகக் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு எது தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், அதே வாரம் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.